திதி பார்த்துத் தீவுக்குப் போங்கள்

சென்னையில் விமானம் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் அந்தமான். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். எப்படிப் போனாலும், பயணத் திட்டம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: எத்தனை நாள் லீவு கிடைக்கும், டிக்கெட் என்ன விலை, ஹேவ்லாக்கில் எத்தனை இரவு, நீலில் எத்தனை இரவு. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றை மட்டும் முடிவு செய்துகொண்டு போய் இறங்குகிறவர்களில் பலருக்கு மாலை ஐந்தரைக்கே கடற்கரை இருட்டிவிடுகிறது. பவளப்பாறை பார்க்கப் போகும் வேளையில் பாறை முழுவதும் தண்ணீருக்குள் கிடக்கிறது. கடைசி நாளில் படகு ரத்தாகி, விமானம் கைநழுவிப் போகிறது.

அந்தமானில் ஒரு நாளின் நேரப் பட்டியலைப் போடுகிறவர்கள் நான்கு பேர்: சூரியன், நிலா, காற்று, தரைக்கடியில் நகரும் பாறைத் தட்டு. இந்த நால்வரையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போனால், பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த புவியியல் முழுவதும் ஒரே வாரத்தில் கண்ணெதிரே நடக்கும். அப்படி ஒரு திட்டம் போடுவது எப்படி, அதன் பின்னால் உள்ள காரணங்கள் என்ன என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஹேவ்லாக் 2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீவு. நீல், ஷஹீத் தீவு. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. படகுத்துறையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் பழைய பெயர்கள் இன்னும் புழங்குவதால் இங்கே அவற்றையே எழுதுகிறேன். அந்தமான் நிக்கோபாரில் தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக அரசுக் கணக்குப்படி 836 உள்ளன. மக்கள் வசிப்பவை சுமார் முப்பதுதான். ஒரு வாரத்தில் நிதானமாகப் பார்க்க முடிவது மூன்று.

ஐந்து மணிக்கே அந்தி

இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். அது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. மிர்சாபூர் பக்கமும் காக்கிநாடா பக்கமும் போகிற கோடு அது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். சென்னை அந்தக் கோட்டுக்கு இரண்டு பாகைக்குச் சற்று அதிகமாக மேற்கே இருப்பதால், அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:09 மணிக்கு. போர்ட் பிளேர் 92.7 பாகையில், கோட்டுக்குப் பத்துப் பாகைக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே இருக்கிறது. அங்கே 11:19க்கே உச்சி வேளை. கையில் கட்டிய கடிகாரம் ஒன்றுதான். வானத்தின் கடிகாரம் சென்னையைவிட 50 நிமிடம் முந்தி ஓடுகிறது.

இதனால் நவம்பர் நடுவில் போர்ட் பிளேரில் மாலை 4:50க்கே சூரியன் மறைந்துவிடும். டிசம்பர் கடைசியில் 5 மணிக்கு. தை மாதம் முற்றிய பிறகு 5:20 ஆகலாம். ஈடாக, விடியல் சீக்கிரம் வரும். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே வெயில் எட்டிப் பார்க்கும்.

திட்டத்தில் இது எங்கே வருகிறது? ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கத்தோடு போனால், நாளில் கால்வாசியை இழந்துவிடுவோம். படகுகள் காலையிலேயே புறப்படுவதும், கடலில் குளிக்க அந்திக்குப் பிறகு விடாததும் இதனால்தான். நாலரைக்கு எழுந்து எட்டு மணிக்குப் படுக்கும் வாழ்க்கைக்குப் போகும் முன்பே தயாராகிவிட வேண்டும்.

கரைகள் எந்தத் திசை பார்த்திருக்கின்றன என்பதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக்கில் காலாபத்தர் கரை கிழக்கு நோக்கியது. சூரியன் அங்கே கடலிலிருந்து எழும். ராதாநகர் மேற்கு நோக்கியது. சோழமண்டலக் கரையில் வளர்ந்தவர்களுக்குச் சூரியன் கடலில் உதிப்பதுதான் பழக்கம். அது கடலில் இறங்குவதைப் பார்க்க ராதாநகருக்கு நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

காலண்டரில் இருக்கிறது கடல்

இரண்டாவதாக நிலா. அந்தமானில் நாளொன்றுக்கு இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை வற்றும். இதுதான் ஓதம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு வற்றிய கடல் நாளைக்கு ஏழு ஐம்பதுக்கு வற்றும். நாள்தோறும் நிலா ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிப்பதும், ஓதம் 50 நிமிடம் தள்ளிப்போவதும் ஒரே காரணத்தால்தான்.

சென்னை மெரினாவில் ஓதம் வருவதே பலருக்குத் தெரியாது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். போர்ட் பிளேரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது 2 மீட்டர் வரை போகும். சரிவு குறைந்த பவளத் திட்டில் 2 மீட்டர் தண்ணீர் இறங்கினால், கரையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் தூரத்துக்குக் கடலடி வெளியே வந்துவிடும். நீல் தீவின் லட்சுமண்பூர் பக்கம் கடல் குடைந்த பாறை வளைவு ஒன்று நிற்கிறது. தீவில் குடியேறிய வங்காளிகள் அதை ஹவுரா பாலம் என்கிறார்கள். அதன் அடிக்கு நடந்து போகக் கடல் வற்றியிருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய நேரத்தில் போனால் தூர நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஓதம் எந்த நாளில் பெரிது, எந்த நாளில் சிறிது என்று தெரிந்துகொள்ளத் தமிழ் வீடுகளில் சுவரிலேயே ஒரு கருவி தொங்குகிறது: தினம் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர். அதில் அச்சிட்டிருக்கும் திதி, வானியலில் ஒரு கோண அளவு. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே உள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. 30 திதிக்கு 360 பாகை. ஓதத்தின் பெருக்கத்தையும் சுருக்கத்தையும் தீர்மானிப்பதும் அதே கோணம்தான்.

நிலா தன் பக்கம் இருக்கும் கடலைச் சற்று அதிகமாகவும், பூமிக்கு மறுபுறம் உள்ள கடலைச் சற்றுக் குறைவாகவும் இழுக்கிறது. இந்த வித்தியாசத்தால் வருவதே ஓதம். சூரியனும் இதே வேலையைச் செய்கிறது. மிகத் தொலைவில் இருப்பதால் அதன் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று சேர்ந்து இழுக்கின்றன, ஓதம் பெருகுகிறது. அஷ்டமியில் கோணம் 90 பாகை; ஒன்றின் இழுப்பை மற்றொன்று குறைக்கிறது; ஓதம் சிறுக்கிறது. கடல்நீர் அசைந்து கொடுக்கச் சற்று நேரம் பிடிப்பதால், உச்சமும் தணிவும் ஓரிரு நாள் தள்ளியே வரும். அமாவாசைக்கு அடுத்த பிரதமை, துவிதியையில் கடல் மிக அதிகமாக வற்றும். அஷ்டமிக்கு அடுத்த நவமி, தசமியில் கடல் அடங்கியிருக்கும்.

இன்னொரு ஒழுங்கும் உண்டு. ஓர் ஊரில் எல்லா அமாவாசை, பௌர்ணமியிலும் கடல் ஏறுவது ஏறத்தாழ ஒரே மணியில்தான். ஏழு நாள் கழித்து, 50 நிமிடம் 50 நிமிடமாகத் தள்ளிப்போய், ஏறும் நேரத்தில் வற்றும்; வற்றும் நேரத்தில் ஏறும். ஓர் அமாவாசையில் நீலில் எத்தனை மணிக்குக் கடல் வற்றியது என்று விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டால், அடுத்த அமாவாசைக்கும் அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். துல்லியமான நேரத்துக்கு ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும்.

எனவே எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்துத் திதியைத் தேர்ந்தெடுக்கலாம். கடலடியில் நடக்க விரும்பினால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். முக்குளிக்க விரும்பினால், நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் நவமியும் அதற்கு அடுத்த நாட்களும் மிக நல்லவை. நீரோட்டம் மெலிந்து, மணல் கலங்காமல், தண்ணீர் தெளிந்திருக்கும். இரவில் அலை ஒளிர்வதைக் காண அமாவாசை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் மிதவை உயிரிகள் தண்ணீர் அசையும்போது தம் உடலுக்குள் நடக்கும் வேதிவினையால் நீல ஒளியைச் சிந்துகின்றன. அவை எந்த இரவில் கூடும் என்று உறுதி சொல்ல முடியாது. கூடியிருந்தாலும் நிலா வெளிச்சத்தில் தெரியாது.

குட்டைக்குள் ஒரு நீல உதடு

கடல் வற்றிய நேரத்தில் நீல் தீவின் பாறைத் திட்டில் அங்கங்கே குட்டைகள் தேங்கி நிற்கும். அடுத்த ஏற்றம் வரும்வரை அவற்றுக்குள் அகப்பட்ட உயிர்களுக்கு அவைதான் கடல். வெயிலில் தண்ணீர் சுடும், உப்பு ஏறும், உயிர்வளி குறையும். அத்தனையையும் தாங்கத் தெரிந்தவைதான் அங்கே இருக்கின்றன.

ஒரு குட்டையில் கண்ணை ஊன்றிப் பாருங்கள். உருண்டைப் பவளப் பாறையின் பிளவில் இரண்டு தடித்த நீல உதடுகள் நெளிநெளியாகத் திறந்திருக்கும். அது ராட்சதச் சிப்பி இனம். ஓடு பாறைக்குள் புதைந்திருக்கும்; வெளியே தெரிவது அதன் சதை விளிம்பு மட்டும். அந்தச் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு தயாரித்துச் சிப்பிக்குப் பங்கு கொடுக்கின்றன. சிப்பி அவற்றுக்கு இடமும் பாதுகாப்பும் தருகிறது. நீலமும் பச்சையுமான மினுமினுப்பு, சதையில் உள்ள நுண்ணிய படலங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாவது. நீங்கள் குனிந்ததும் உங்கள் நிழல் பட்டு உதடுகள் சட்டென்று மூடிக்கொள்ளும். அந்த விளிம்பு நெடுகிலும் ஊசித்துளை போன்ற நூற்றுக்கணக்கான கண்கள் இருக்கின்றன. உருவம் தெரியாவிட்டாலும், வெளிச்சம் மங்குவது அவற்றுக்குத் தெரியும்.

பக்கத்தில் மேசை போல உச்சி தட்டையான பவளத் திண்டு ஒன்று இருக்கும். பக்கவாட்டில் உயிரோடு வளர்ந்துகொண்டும், மேற்பரப்பில் செத்தும் கிடக்கும். கடல் மிகவும் வற்றும்போது தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்குகிறதோ, அதற்கு மேலே பவளத்தால் நெடுநேரம் உயிர் வாழ முடியாது. ஆகவே அந்தத் தட்டை உச்சி, பல ஆண்டு வற்றத்தின் சராசரி மட்டத்தைப் பாறையில் எழுதி வைத்த கோடு. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2004இல் பூமி என்ன செய்தது என்பதை விஞ்ஞானிகள் இதைக் கொண்டுதான் படித்தார்கள்.

பாறை மேல் நடக்கும்போது உயிருள்ள பவளத்தை மிதிக்காதீர்கள். மணல் உள்ள இடத்தில் மட்டும் கால் வையுங்கள். சங்கோ பவளத் துண்டோ எடுத்து வராதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

தீவுகள் வரிசையில் நிற்பது ஏன்

வரைபடத்தில் அந்தமான் தீவுகள் வடக்கு தெற்காக, சற்றே வளைந்த ஒரே வரிசையில் நிற்கும். வடக்கே அந்த வரிசை மியான்மரின் அராகன் மலைகளில் போய்ச் சேர்கிறது. தெற்கே நிக்கோபார் வழியாகச் சுமத்ராவுக்கு மேற்கேயுள்ள தீவுகளை நோக்கி நீள்கிறது. முக்கால்வாசி முழுகிப்போன ஒரு மலைத்தொடரின் முகடுகளில்தான் நாம் தீவு தாவுகிறோம். மிக உயர்ந்த முகடு வடக்கு அந்தமானில் உள்ள சேடில் பீக், 732 மீட்டர்.

இந்த மலைத்தொடரை எழுப்பியது இந்தியத் தட்டு. சென்னையைச் சுமந்திருக்கும் அதே தட்டு, அந்தமானுக்கு மேற்கே உள்ள ஆழ்கடல் அகழியில் பர்மா தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. களத்தில் காயும் நெல்லைப் பலகையால் இழுத்தால் பலகைக்கு முன்னால் மேடு கட்டுவது போல, கடலடியில் ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த மணலையும் களிமண்ணையும் மேல் தட்டின் விளிம்பு வழித்துக் குவிக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்த அந்த மேடுதான் அந்தமான். இடையிடையே பழைய கடல்தரையின் எரிமலைப் பாறையே துண்டு துண்டாக மேலே ஏறி நிற்கிறது. ஆழ்கடலின் அடித்தளத்தைக் கால் நனையாமல் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு உலகில் எல்லா இடத்திலும் கிடைக்காது.

கீழே போன தட்டு தன்னோடு தண்ணீரையும் கொண்டுபோகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் சூடும் அந்தத் தண்ணீரைப் பாறையிலிருந்து பிழிந்தெடுக்கின்றன. தண்ணீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். உருகியது மேலே வந்து எரிமலை ஆகிறது. அதனால் எரிமலைகள் தீவு வரிசையின் மேலேயே இல்லாமல், கிழக்கே தள்ளி இன்னொரு வரிசையில் நிற்கின்றன: பாரன் தீவும் நார்கொண்டமும். பாரன், இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. கடலடியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் எழும்பி, உச்சியில் வெறும் 350 மீட்டர் சொச்சத்தை மட்டும் வெளியே காட்டுகிறது. 1787இல் அது கக்கியதைப் பதிவு செய்தார்கள். பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் உறங்கி, 1991இல் விழித்தது. கரையில் இறங்க அனுமதி இல்லை. கப்பலில் இருந்தபடி பார்க்கலாம். குறுகிய பயணத்தில் அதற்கு நாள் ஒதுக்குவது சிரமம்.

பாராட்டாங் தீவில் இதே கதையின் குளிர்ந்த பக்கம் இருக்கிறது. பிழிபடும் வண்டலில் சிக்கிய நீரும் மீத்தேன் வாயுவும் களிமண்ணைத் தூக்கிக்கொண்டு மேலே வருகின்றன. சாம்பல் நிறச் சேறு, முழங்கால் உயர மேடுகளின் வாயில் குமிழ் கட்டி உடையும். தொட்டால் சுடாது. சேற்று எரிமலை என்று சொன்னாலும் நெருப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நெரிபடும் மேடு மூச்சுவிடும் துவாரங்கள் இவை.

எட்டு நிமிடத்தில் மாறிய கரை

2004 டிசம்பர் 26, காலை 6:28. சுமத்ராவுக்கு மேற்கே தட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்த இடம் பெயர்ந்தது. பெயர்ச்சி வடக்கு நோக்கி ஓடி, நிக்கோபாரைக் கடந்து, அந்தமானின் வடமுனை வரை சுமார் 1,300 கிலோமீட்டர் கிழிந்தது. இதற்கு ஆனது எட்டுப் பத்து நிமிடம்.

அதன் பிறகு வந்த ஆழிப்பேரலையைத் தமிழ்நாடு மறக்காது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் நாம் தண்ணீரைப் பார்த்தோம். அந்தமானில் தரையே இடம் மாறியது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அங்கே பவளத் திட்டுகள் முழுவதும் தண்ணீருக்கு வெளியே எழுந்து, வெயிலில் வெளுத்துச் செத்தன. பவளத் திண்டின் பழைய உச்சிக்கும் புதிய வற்ற மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, கரை எவ்வளவு உயர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். போர்ட் பிளேர் பக்கம் நேர்மாறு: தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் அமிழ்ந்தது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் இறங்கி, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது.

இதைப் பார்க்கத் தொலைதூரம் போக வேண்டாம். போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகும் வழியில் சிப்பிகாட் இருக்கிறது. 2004க்கு முன் வயலும் தோப்புமாக இருந்த இடம். தரை தாழ்ந்ததால் ஓதம் உள்ளே வந்து வயல் உப்பங்கழி ஆகிவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் பாறைத் தட்டு என்ன செய்யும் என்பதற்குச் சாட்சியாக அந்த நீர் நிற்கிறது. டாக்ஸியைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

காற்றுக்கென்று ஒரு நாள்

ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டில் வானிலைச் செய்தி கேட்கிற யாருக்கும் அந்தமான் தெரியும். நமக்கு மழை கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள் பல அந்தக் கடலில்தான் பிறக்கின்றன. நமக்கு மூன்று நான்கு நாள் முன்னறிவிப்பு கிடைக்கும். பிறக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அப்படி ஒன்று உருவாகிப் படகுகள் நின்றன. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் அவர்களை மீட்டன. அதே சுழல்தான் வலுத்து வர்தா புயலாகி, டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது.

தென்மேற்குப் பருவமழையும் கேரளத்துக்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தை ஒட்டி, அந்தமானுக்கு வந்துவிடுகிறது. இரண்டு பருவங்களிலும் நனைவதால் போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. ஆக, கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் கிடைப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஏப்ரல் முற்றினால் கடல் சூடேறும். 2010 கோடையில் அந்தச் சூடு தாங்காமல் அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் சூட்டில் வெளியேறிவிட, நிறமும் உணவும் ஒன்றாகப் போய்விடுகின்றன.

காற்றிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது: ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவைக் கண்டிப்பாகப் போர்ட் பிளேரில் கழியுங்கள். நீலிலிருந்து காலைப் படகில் வந்து மதிய விமானம் பிடிக்கும் திட்டத்தைக் காற்று எந்த நாளும் கலைத்துவிடலாம்.

முக்குளித்த உடம்பு

காற்றுருளை கட்டிக்கொண்டு முக்குளிக்கிறவர்களுக்கு உடம்பே இன்னொரு நேரக் கட்டுப்பாடு விதிக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியே வெளியேறிவிடும். முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் விமானம் ஏறினால், அறைக்குள்ளே அழுத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் மீட்டர் மலை உச்சியில் இருப்பதற்குச் சமமாகக் குறைகிறது. மிச்ச நைட்ரஜன் குமிழாகித் தசை, மூட்டு, நரம்பு எங்கும் அடைக்கலாம். ஒரே ஒருமுறை முக்குளித்தால் 12 மணி நேரமும், பலமுறை என்றால் 18 மணி நேரமும் பறக்காமல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. பயிற்றுநர்கள் பலர் 24 மணி நேரம் சொல்கிறார்கள். முக்குளிப்பைப் பயணத்தின் முற்பாதியில் வைத்துவிட்டால் இந்தக் கவலையே வேண்டாம். நீர்மட்டத்தில் மிதந்தபடி கண்ணாடி வழியே பார்ப்பவர்களுக்கு இந்த விதி கிடையாது.

போகாமல் இருப்பதும் திட்டம்தான்

சேற்று எரிமலைக்கும் சுண்ணாம்புக் குகைக்கும் பாராட்டாங் போகும் சாலை, ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிப் போகிறது. ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, குறித்த நேரங்களில் காவலோடு அனுப்புவார்கள். வழியில் நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். பழங்குடிகளைப் பாதுகாக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதி நடப்பில் உள்ளது.

இந்தக் கட்டுப்பாட்டின் பின்னால் நோய் எதிர்ப்பாற்றலின் அறிவியல் இருக்கிறது. வெளியுலகக் கிருமிகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சந்திக்காத மக்களுக்கு, நமக்குச் சாதாரணமான தொற்றுகூட உயிரைப் பறிப்பது. 1877இல் பரவிய தட்டம்மை கிரேட் அந்தமானியரைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. ஆயிரக்கணக்கில் இருந்த அந்த இனத்தில் இன்று எஞ்சியிருப்பவர்கள் சில பத்துப் பேர். ஜாரவா மக்கள் 1990களின் பிற்பாதியில் வெளியே வரத் தொடங்கியதும், 1999இல் அவர்களிடையேயும் தட்டம்மை பரவியது. வடக்கு சென்டினல் தீவை நெருங்கவே கூடாது என்ற தடைக்கும் இதுவே முதன்மைக் காரணம். பாராட்டாங் போகத்தான் வேண்டுமா என்று வீட்டில் ஒருமுறை பேசி முடிவெடுங்கள். போனால், காட்டைக் கடக்கும்வரை போனைப் பையில் போட்டுவிடுங்கள். அந்த மக்கள் காட்சிப்பொருள் அல்லர். அது அவர்கள் வீடு.

வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவிலும் ஒதுங்கி நிற்கும் ஏற்பாடு உண்டு. ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரு தீவுகளை ஆண்டில் மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். ஒன்றில் பயணிகள் நடமாடும்போது மற்றொன்றின் பவளங்களுக்கு ஓய்வு. ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை ஜாலி பாய் திறந்திருக்கும். பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள்.

தசமியில் தொடங்கி ஏழு நாள்

நால்வரும் சொன்னதைச் சேர்த்து ஒரு திட்டம் போடலாம். பருவம் ஜனவரி, பிப்ரவரி. அதற்குள் வரும் தை அமாவாசையைக் குறியாக வைத்துக்கொண்டு, தேய்பிறை தசமியில் போய் இறங்குங்கள். அடங்கியிருக்கும் ஓதத்தில் தொடங்கி, அது பெருகப் பெருகத் தீவு மாறுவதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

தசமி: போர்ட் பிளேர். மதியம் செல்லுலார் சிறை. விடுதலைப் போராட்டக் கைதிகள் அடைபட்ட அறைகளை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஏகாதசி: காலைப் படகில் ஹேவ்லாக். தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம். அரசுப் படகில் இரண்டரை. நாலு மணிக்கு ராதாநகர்.

துவாதசி: முக்குளிப்பு. நீரோட்டம் இன்னும் மென்மையாக இருக்கும்.

திரயோதசி: விடியலில் காலாபத்தர். பிறகு படகில் நீல்.

சதுர்தசி: நீலில் முழு நாள். ஓதம் உச்சத்தை நெருங்கியிருக்கும். கடல் வற்றும் நேரம் பார்த்து லட்சுமண்பூர்ப் பாறைத் திட்டில் நடை. இரவு நிலா இருக்காது. விளக்குகளை விட்டு விலகி, அலை ஒளிர்கிறதா என்று பாருங்கள்.

அமாவாசை: காலையில் போர்ட் பிளேர் திரும்பி, சிப்பிகாட் வழியாக வண்டூர். முந்தைய நாள் படகு நின்றிருந்தால் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வதும் இந்த நாள்தான். எதையும் முன்பதிவு செய்யாமல் காலியாக விட்டுவிடுங்கள்.

பிரதமை: விமானம். முக்குளித்து நான்கு நாள் ஆகியிருக்கும்.

பாராட்டாங் வேண்டும் என்றால் ஒரு நாள் கூட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து ஏப்ரலில்தான் லீவு என்றால், சித்திரைப் பௌர்ணமியையோ அதற்கு முந்தைய அமாவாசையையோ குறியாக வைத்து இதே வரிசையைப் போடலாம். அலை ஒளிர்வதற்கு மட்டும் அமாவாசை வேண்டும். தேதியை விமானக் கட்டணம் முடிவு செய்யவிடாதீர்கள். இரண்டு நாள் முன்பின் மாற்றினால் கட்டணம் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். ஆனால் கடலடியில் நடந்து ஒரு சிப்பி உதடு மூடுவதைப் பார்ப்பதா, அதே இடத்தில் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு வருவதா என்பது அந்த இரண்டு நாளில் இருக்கிறது. வரும் தை அமாவாசைக்கு முந்தைய தசமி என்றைக்கு என்று இன்றே பார்த்து, அந்த நாளைச் சுற்றி லீவு சொல்லுங்கள்.